கட்டைவிரலின் சாட்சி

அத்தியாயம் பதினான்கு

நம் மருமகளின் வாய் சும்மா இருந்திருந்தால் நேற்று ராத்திரிக் கலவரமே நடந்திருக்காது.

ஸ்கேன் சென்டர் வரவேற்பில் உட்கார்ந்து வருடக்கணக்காக டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், முப்பத்தாறு வயதில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட வேண்டும் என்று கிளம்பினாள் அல்லவா? ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து மாமனாருக்கு முகம் சரியில்லை. அவளுக்குப் பரீட்சை என்று பேச்சு எடுத்தாலே போதும். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "அய்யோ" என்று சாய்ந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டார். மருந்துக் கடையில் இரண்டு கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மறுபடி அதே "அய்யோ". சமையலறையில் புருஷனிடம் மருமகள் பொரிந்து தள்ளினாள்: "நான் புத்தகத்தைத் திறந்தா உங்க அப்பாவுக்கு வலி திறந்துக்கும். என்னமா நடிக்கிறாரு!"

திரும்பிப் பார்த்தால், குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்த மாமனார் வாசலில் நிற்கிறார்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் தொடவில்லை. விடிந்த பிறகும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் அவர். ஒரு பள்ளிக்கூடத்தையே ஒற்றை விசிலில் நிற்க வைத்தவருக்கு, ஒரு வேளை பட்டினி கிடப்பது பெரிய காரியமா?

இப்படிப்பட்ட காலையில்தான் மருமகளுக்குச் செய்முறைத் தேர்வு.

அந்தப் பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம். தேர்வுக்கு வரும் ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஓர் ஆளை வெறும் வயிற்றோடு கூட்டிவர வேண்டும். அவர் வயிற்றில்தான் பரீட்சை. ஏதாவது உள்ளே போயிருந்தால் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும், தேடுகிறவருக்குத் திண்டாட்டம். மருமகள் கூட்டிப்போக வேண்டியது புருஷனை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். விடிகாலையில் ஒரு வகுப்பை முடித்துவிட்டு நேராக வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

வந்தான். மீசையில் பன் துகள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"மீசையைத் தொடச்சுட்டுப் பொய் சொல்லுங்க."

கை தானாக மீசைக்குப் போனது. ஆள் அசடு வழிந்தான். "புதுசா சேர்ந்த பையன் டீயும் வெண்ணெய் பன்னும் வாங்கி நீட்டினான். கை பழக்கத்துல வாங்கிடுச்சு. வாயும் பழக்கத்துல..."

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை இதே தேர்வில் கோட்டை விட்டவள். இன்றும் போனால் அடுத்த வருடம்தான்.

அவளுடைய தவறு ஒன்றே ஒன்று. வயிற்றின் மேல் வைத்து நகர்த்துகிற அந்தக் கைக்கருவிக்குப் புரோப் என்று பெயர். அதன் ஒரு பக்க விளிம்பில் கடுகளவு மேடு ஒன்று இருக்கும். குறுக்கே பிடிக்கும்போது அந்த மேடு படுத்திருப்பவரின் வலது பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் திரையில் எல்லாம் இடம் வலமாகப் புரண்டுவிடும். போன தேர்வில் பதற்றத்தில் மாற்றிப் பிடித்து, மாற்றியே பெயரும் எழுதிவைத்தாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பட்டப்பெயர். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவன் பெண்டாட்டி என்பதால் அது இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டில் டி.வி. ரிமோட்டின் ஓரத்தில் பிளாஸ்டர் துண்டு ஒன்றைச் சுருட்டி ஒட்டி, துணி மடிக்கும்போதும் வாசல் கதவைத் திறக்கும்போதும் கட்டைவிரலால் அதைத் தேடித் தேடிப் பழகினாள். சேனல் மாற்ற ரிமோட்டைத் தேடி அலைந்த மாமனாருக்கு அதிலும் ஒரு கோபம்.

"இப்ப நான் எங்க போய் வெறும் வயித்தோட ஒரு ஆளைப் பிடிப்பேன்?"

மாமியார் மாத்திரைக்காகக் காலையிலேயே சாப்பிட்டாயிற்று. அவர் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தார். அங்கே, நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வீட்டிலேயே வெறும் வயிறாக இருக்கும் ஒரே ஜீவன்.

"ஏங்க, பட்டினி கிடக்கறதுதான் கிடக்கறீங்க. யாருக்காவது பிரயோஜனமா கிடங்களேன்."

"நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு யார் கூப்பிட்டா? பரீட்சைக்குத்தான் கூப்பிடறோம். போய்ப் படுத்துட்டு வாங்க. இங்க படுக்கறதை அங்க படுங்க!"

முன்பு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் மாமியார். மறுமுனையில் யார் கத்தினாலும் தன் குரலை உயர்த்தாமல் காரியத்தை முடித்துவிடுவார். டிரில் மாஸ்டர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். மருமகளைப் பார்க்கவே இல்லை. காரில் பின் சீட்டில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பயிற்சிக் கூடத்து அறையில் விளக்கு மங்கலாக இருக்கும். திரை வெளிச்சம்தான் முக்கால்வாசி. ஒரு கட்டில், ஒரு இயந்திரம், சுடுநீரில் நிறுத்திவைத்த ஜெல் பாட்டில், துண்டுகள். எத்தனையோ தடவை நுழைந்த அறைதான். ஆனாலும் உள்ளே காலெடுத்து வைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். காதில் விழாத ஒரு சத்தத்தை மனுஷ உடம்புக்குள் அனுப்பி, அது எங்கெங்கோ முட்டித் திரும்பி வந்து சொல்வதைப் படமாகப் பார்க்கிறோமே! கத்தி இல்லை, ரத்தம் இல்லை. டோக்கன் கூப்பிட்ட காலத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று நடக்கிறது என்பதை அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பயிற்சியாளர் அவளைவிட வயதில் சின்னப் பெண். வகுப்பில் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், தேர்வு என்றால் அந்த அக்காவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருவார்.

"வந்திருக்கிறவர் யாரு?"

"மாமனார், மேடம்."

"சாப்பிடலையே?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் இல்ல மேடம்." அந்தப் பெருமையை யாரிடம் சொல்லிக்கொள்வது!

"விதி ஞாபகம் இருக்கில்ல? என்ன பார்த்தாலும் அவர்கிட்ட வாய் திறக்கக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும். முகத்துலயும் ஒண்ணும் தெரியக் கூடாது."

இது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். படுத்திருக்கிறவர் திரையைப் பார்க்க மாட்டார். ஸ்கேன் எடுக்கிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு புருவம் நெரிந்தால் போதும், அவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்துவிடும்.

மாமனார் கட்டிலில் படுத்தார். கால்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில் ஒட்டி, படுத்துக்கொண்டே அட்டென்ஷன். மருமகள் துண்டை விரித்து, சட்டையை மேலே ஒதுக்கி, வெதுவெதுப்பான ஜெல்லைத் தடவினாள். கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க மாமா."

நேற்றிலிருந்து அவள் பேச்சுக்குக் காது கொடுக்காத மனிதர், கட்டளை என்று வந்ததும் கப்பென்று இழுத்துப் பிடித்தார். ஆயுள் முழுக்க அடுத்தவருக்கு "மூச்சை இழு, விடு" சொன்னவர் அல்லவா?

முதல் படம், நடு வயிறு. புரோப்பைக் குறுக்கே வைத்தாள். முதுகெலும்புக்கு முன்னால் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று உருண்டையாக, டக் டக்கென்று துடிக்கும். அது திரையின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று மூச்சுக்கு ஏற்ப நெளியும். அது இடப்பக்கம்.

துடிக்கிறது இடப்பக்கம் இருந்தது.

மறுபடியுமா? பின்னால் பயிற்சியாளரின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"புரோப்பைப் பாருங்க," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். கை தானாகப் புரோப்பைத் திருப்பிவிட்டது. திரையில் இரண்டு குழாய்களும் இடம் மாறி, புத்தகத்தில் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தன. அழகான படம்.

"ம். இப்ப சரி."

அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கட்டைவிரல் மேட்டைத் தேடியது. வெறும் வழவழப்பு. மேடு மறுபக்கம், ஆள்காட்டி விரலுக்கு அடியில் கிடந்தது.

கண் சொல்கிறது, சரி. கட்டைவிரல் சொல்கிறது, தப்பு.

படத்தை நிறுத்திப் பெயர் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். பேனா 'சரி' போடத் தயாராக நிற்கிறது. ஒருமுறை தோற்றவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய ரிமோட்டோடு இத்தனை நாள் குடும்பம் நடத்திய கட்டைவிரல் அது. அதைப் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல மேடம்," என்றாள். புரோப்பைப் பழையபடியே திருப்பினாள். குழாய்கள் மீண்டும் இடம் மாறின.

பேனா காகிதத்திலிருந்து எழும்பியது.

புரோப்பை வயிற்றிலிருந்து எடுத்து, மேடு இருக்கும் ஓரத்தை விரல் நுனியால் தட்டினாள். மேடு இருக்கும் பக்கம் எப்போதும் திரையின் இடது ஓரமாகத்தான் வர வேண்டும். திரையின் இடது ஓரம் சிமிட்டியது. இன்னொரு தடவை தட்டினாள். இடது ஓரமேதான். புரோப் சரி. இயந்திரம் சரி. பிடித்த பிடியும் சரி.

அப்படியானால் சரியில்லாதது என்ன?

வலது விலாவுக்குக் கீழே போனாள். கல்லீரல் என்பது அங்கே ஒரு பெரிய வீடு மாதிரி இருக்க வேண்டும். தேட வேண்டிய அவசியமே கிடையாது, புரோப்பை வைத்தாலே நாம் அதற்குள்தான் இருப்போம். அங்கே வீட்டைக் காணோம். அந்த இடத்தில் மண்ணீரல் சின்னதாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் இருக்க வேண்டிய ஆசாமி!

என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும் நம்ப முடியவில்லை.

இடது விலாவுக்கு வந்தாள். அங்கே இருந்தது கல்லீரல். சாம்பல் நிறத்தில், விசாலமாக, வழவழவென்று, தனக்கு இதுதான் இடம் என்பது போல. அதன் மடியில் பித்தப்பை. அந்தப் பித்தப்பைக்குள் மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு கிழித்தாற்போல் ஒரு கறுப்பு நிழல்.

இடது விலாவுக்குக் கீழே. அவர் எப்போதும் கை வைக்கும் அதே இடம்.

நிமிர்ந்தாள். மாமனார் கண்ணைத் திறந்திருந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?" என்றார். நேற்றிரவுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

உள்ளே என்னென்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். "டாக்டர் சொல்வார் மாமா. இப்ப வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

"வலதா?" என்றார் பயிற்சியாளர். எல்லோரையும் இடது பக்கம்தானே திரும்பச் சொல்வார்கள்!

மாமனார் 'ரைட் டர்ன்' போலத் திரும்பினார். புள்ளிகள் மூன்றும் பித்தப்பைக்குள் மெல்ல உருண்டு போய் ஒதுங்கின. கல்தான்.

"மேடம், நீங்களே ஒரு தடவை வச்சுப் பாக்கறீங்களா?"

பயிற்சியாளர் வாங்கிக்கொண்டார். விளிம்பைத் தடவினார். ஓரத்தைத் தட்டினார். நடுவில் வைத்தார், வலது, இடது, மறுபடி நடு. அறையில் இயந்திரத்தின் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு புரோப்பைப் பத்திரமாக அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, "ஒரு நிமிஷம்," என்று வெளியே போனார். நடையாகப் போய்க் கதவு தாண்டியதும் ஓட்டமாக மாறியது காலணிச் சத்தத்தில் கேட்டது.

ஸ்கேன் டாக்டர் எதற்கும் அசையாத மனிதர். வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தானே எடுக்காமல் மருமகளைப் பார்த்தார்.

"நீங்களே காட்டுங்க. நெஞ்சுப் பக்கம் சாய்ச்சு மேல பாருங்க."

விலா எலும்புகள் சேரும் இடத்தில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தாள். இதயம் வந்தது. அறைகள் விரிந்தன, சுருங்கின. கதவுகள் திறந்தன, மூடின. அதன் நுனி இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வலது பக்கம் சாய்ந்து, தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அறுபத்து நான்கு வருடங்களாக, ஒருவருக்கும் தெரியாமல்.

அசையாத டாக்டரின் கைகூட மெல்ல எழுந்து தன் இடது மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மருமகளுக்குக் கண் நிறைந்தது. பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்லும்போது பிள்ளைகளை இடது மார்பில் கை வைக்கச் சொல்லி, தானும் வைத்துக்கொண்டு நிற்பாராம் இவர். பாவம், ஆளில்லாத வீட்டு வாசலில் அல்லவா நின்றிருக்கிறார்!

"ஐயா," என்றார் டாக்டர், "பயப்பட ஒண்ணும் இல்ல. உங்க உடம்புல எல்லாம் இருக்கு, நல்லாவே இருக்கு. என்ன, எல்லாருக்கும் வலது பக்கம் இருக்கறது உங்களுக்கு இடது பக்கம். இடது பக்கம் இருக்கறது வலது பக்கம். கண்ணாடியில பார்த்த மாதிரி. பிறவியிலேயே அப்படி. பல ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும். நான் இத்தனை வருஷத்துல நேர்ல பாக்கறது இதுதான் முதல் தடவை."

டிரில் மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க லெஃப்ட், ரைட் என்று கத்தியவர்.

"பித்தப்பையில கல் இருக்கு. எடுத்துடணும். இந்தக் கல் வலி பொதுவா வலது பக்கம்தான் வரும். உங்களுக்கு இடது பக்கம் வந்திருக்கும், அதனால யாருக்கும் தோணியிருக்காது."

"அப்ப அந்த வலி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"நிஜ வலிதாங்க. பிரசவ வலியோட ஒப்பிடுவாங்க இதை. எப்படித்தான் இத்தனை நாள் தாங்கினீங்களோ!"

மாமனார் டாக்டரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். அதில் கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கோபம் இல்லை. கீழ் உதடு மட்டும் லேசாக நடுங்கியது.

"மாமா," என்றாள். கல்முகம் எங்கோ கரைந்து போயிருந்தது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களுக்கு வலிச்சிருக்கு. நிஜமாவே வலிச்சிருக்கு."

அவர் வயிற்றைக் காட்டினார். "இந்தக் கொழகொழப்பைத் தொடச்சு விடும்மா. பசிக்குது."

வெளியே வந்தபோது பயிற்சியாளர் காகிதத்தை நீட்டினார். 'தேர்ச்சி' என்ற இடத்தில் கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது.

"நான் சரின்னு சொன்ன படத்தையே தப்புன்னு திருப்பினீங்க பாருங்க, அக்கா! எனக்கு உயிரே போயிடுச்சு. இனிமே ரிவர்ஸ் கியர்னு எவளாவது கூப்பிட்டா என்கிட்ட சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மாமனார் வயிறாரச் சாப்பிட்டார். எண்ணெய், நெய் எதுவும் இல்லாமல்தான். டாக்டர் உத்தரவு. சாயங்கால வெயில் கூடத்தில் விழும் நேரம், நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் இரண்டு மூன்று தடவை ஆச்சரியப்பட்டு முடித்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தான்.

"அம்மா, உனக்குப் புரியுதா? அப்பாவுக்கு இதயம் வலது பக்கம் இருக்கு! வலது பக்கம்!"

மாமியார் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தார். "ஆமா, வலது பக்கம்தான். அதுக்கு என்ன இப்ப?"

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாம என்ன? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தப் பக்கம்தான் தலை வச்சுப் படுக்கறேன். காதுல டொக்கு டொக்குன்னு கேக்கும். அப்பதான் தூக்கமே வரும்." மாமியார் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். குரல் தயங்கியது. "எல்லாருக்கும் அங்கதானே இருக்கும்?"

புருஷன் சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு நெஞ்சில் தலை வைத்துப் படுத்த பெண்ணுக்கு, உலகத்தில் வேறு எப்படி இதயம் இருக்க முடியும்? இத்தனை இயந்திரமும் டாக்டரும் சேர்ந்து இன்று கண்டுபிடித்ததை, இந்த வீட்டில் ஒரு காது தினமும் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறது. டிரில் மாஸ்டர் காது மடல் வரை சிவந்து, ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகத் தேடினார்.

"கல்லை எடுக்க ஆபரேஷன் பண்ணணுமாம்," என்றார் அந்தப் பக்கமே பார்த்தபடி.

மாமியாரின் முகம் மாறியது. எழுந்து வந்து, புருஷனின் வலது மார்பில் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிள்ளையும் மருமகளும் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லை.

"எது எங்க இருக்குன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க கையில கத்தியைக் குடுக்கச் சொல்றீங்களா? முடியாது."

"அம்மா, டாக்டருங்களுக்குத் தெரியாதா..."

"நீ சும்மா இரு." பிள்ளையை ஒரு கையால் அடக்கிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். கையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. "நீதானே பார்த்தே? இவ்வளவு நாளா நான் காதால மட்டும் கேட்டதை நீ கண்ணால பார்த்துட்டே. எனக்கும் காட்டு. அதை நான் பாக்கணும். பார்த்துட்டு அப்புறம் சொல்றேன், கத்தி வைக்கலாமா வேண்டாமான்னு."

பயிற்சி மாணவி தன் இஷ்டத்துக்கு யாருக்கும் திரையைக் காட்டக் கூடாது. மீறினால், இன்று வாங்கிய கையெழுத்தே போய்விடும். அது மருமகளுக்கு மனப்பாடம்.

"சரி அத்தை," என்றாள்.